கயலுக்கு

அன்புள்ள கயல்,

மாடல் ராக்கெட் சங்கக் கூட்டம் எப்படி நடந்தது என்று கேட்டதற்கு "நடந்தது" என்று மட்டும் அனுப்பியிருந்தாய். சரி, அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. முரளி வந்தானா என்றும் கேட்கவில்லை.

மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டர் எரிந்தும் ராக்கெட் கிளம்பாவிட்டால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு 60 நொடி யாரும் கிட்டே போகாமல் இருக்கிறார்களா? என்ன ஆச்சு என்று பார்க்கத்தான் எல்லாருக்கும் கால் பரபரக்கும். மோட்டார் அளவு 'டி' வரைக்கும் 5 மீட்டர், அதைவிடப் பெரியது என்றால் 9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் சொல்கிறாய்தானே? வாயால் சொன்னால் போதாது, எழுதி எல்லார் கையிலும் கொடு.

அன்றைக்குக் காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டியதும், அத்தனை பேர் ஆவலாக நிற்கும்போதே ஏவுவதை நிறுத்தினாயாமே. கேட்டதும் எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் முரளியை எல்லார் முன்னாலும் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். அவன் அம்மா எங்களிடம் சொல்லி அழுதார், அதனால்தான் எழுதுகிறேன்.

மோட்டாருக்கான வெடிமருந்தை நாமே கலக்கலாம் என்று அவன் சொன்னது தவறு, அதில் உன் பக்கம்தான் நான். வீட்டில் மருந்து கலந்து பிள்ளைகள் விரலைப் பறிகொடுத்த காலத்தில்தான், 1957-இல், ஹாரி ஸ்டைன் அமெரிக்காவில் மாடல் ராக்கெட் சங்கத்தைத் தொடங்கினார். அவர் வைட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்தவர், விதி தெரிந்தவர். ஆனால் அவர் கைக்கு வந்த ராக்கெட்டைச் செய்தது ஓர்வில் கார்லைல் என்ற செருப்புக்கடைக்காரர். மோட்டாரை மாற்றிப் போட்டுத் திரும்பத் திரும்பப் பறக்கவிடலாம் என்று காட்டியவர் அவர். அவர் இல்லாமல் ஸ்டைன் விதியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்? உங்கள் சங்கத்தில் ராக்கெட் செய்யும் கை முரளியுடையது, கயல். நீ கோபத்தில் இருந்தாலும் உனக்கே அது தெரியும்.

இன்னொன்று. சங்கத்துச் செலவுக்கு உன் சம்பளத்திலிருந்து போடுகிறாய் என்று அம்மா சொன்னாள். எவ்வளவு என்று கேட்கமாட்டேன், ஆனால் உன் பணத்தையும் சங்கப் பணத்தையும் கலக்காதே, சந்தா வரவில்லை என்றால் ஏவுவதைத் தள்ளிப்போடு. கணக்கு நோட்டு முரளியிடம்தானே இருக்கிறது? அதை வாங்கும் சாக்கிலாவது அவன் வீட்டுக்குப் போய் வா. போனால் எனக்கு ஒரு வரி போடு.

அப்பா