கேட்டாவின் பெயர் இருந்த வரி

ஆசிரியருக்கு,

வணக்கம். ரோமாபுரியின் வெற்றி வளைவுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். எருசலேம் கோயிலின் ஏழு கிளை விளக்கை வீரர்கள் தோளில் சுமந்து வரும் டைட்டஸ் வளைவுச் சிற்பத்தை விவரித்த பகுதி அருமை. ஆனால் ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸின் வளைவைப் பார்த்தியப் போரின் (பண்டைய ஈரானியப் பேரரசான பார்த்தியாவோடு நடந்த போர்) வெற்றிச் சின்னம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டதை ஏற்க மனம் வரவில்லை. வெற்றியைவிட, அதற்குப் பின் அந்தக் குடும்பத்தில் நடந்ததைத்தான் அந்தக் கல் அதிகம் சொல்கிறது.

கி.பி. 203இல் வளைவு எழுந்தபோது கல்வெட்டில் பேரரசரோடு மகன்கள் காரக்கல்லா, கேட்டா இருவரின் பெயரும் இருந்தன. 211 பிப்ரவரியில் தந்தை இறந்தார். அதே டிசம்பரில் அண்ணன் தம்பியைத் தீர்த்துக்கட்டினான். தாய் யூலியா டோம்னாவின் அணைப்பிலேயே கேட்டா வெட்டுண்டதாக அக்கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். கொன்றதோடு விடவில்லை. கண்ட இடமெல்லாம் அவன் பெயரையும் உருவத்தையும் அழித்தார்கள். இந்த வளைவில் நான்காம் வரியைச் செதுக்கி எடுத்துவிட்டு, தந்தையையும் அண்ணனையும் போற்றும் சொற்களை அங்கே பொருத்தினார்கள்.

எழுத்துகள் வெண்கலம். அவை எப்போதோ போய்விட்டன. எழுத்துப் பள்ளங்களும் ஆணித் துளைகளுமே மிச்சம். நான்காம் வரியில் மட்டும் பல துளைகள் இப்போதுள்ள எழுத்துகளோடு பொருந்தாமல் நிற்கின்றன. அவற்றை வைத்துத்தான் அறிஞர்கள் கேட்டாவின் பெயரை மீட்டார்கள். அழிக்கச் சொன்னவனுக்கு இது தோன்றியிருக்காது!

அங்கிருந்து சிறிது தூரத்தில், பணமாற்றுக்காரர்களும் மாட்டு வியாபாரிகளும் 204இல் எழுப்பிய சிறிய வாயில் ஒன்று உண்டு. உள்பக்கப் புடைப்புச் சிற்பத்தில் செவெரஸும் யூலியா டோம்னாவும் வழிபாடு செய்கிறார்கள். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு வெறும் கல். அங்கே நின்றவன் கேட்டா. எதிர்ப்புறம் காரக்கல்லா தனியே நிற்கிறான். மனைவியையும் மாமனாரையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். தாய்க்கு அருகிலேயே அந்த வெற்றிடம் இருப்பதுதான் என்னை மிகவும் உலுக்குகிறது.

கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் இந்த வாயிலின் படத்தையும், செவெரஸ் வளைவின் நான்காம் வரியை நெருக்கத்தில் எடுத்த படத்தையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி