பதினாறு வாக்குகளும் மூன்று தீவுகளும்

ஐ.நா. அவையின் காலனிய நீக்கச் சிறப்புக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

தன்னாட்சி பெறாத ஆட்சிப்பகுதிகள் பட்டியலில், பசிபிக் கடலில் நியூசிலாந்தின் ஆட்சியில் உள்ள டோக்கெலாவ் 1946 முதல் இருக்கிறது. அந்தத் தீவுகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, இரண்டு வாக்கெடுப்புகளும் தோற்றன என்று முடித்துவிடுகிறார்கள். நியூசிலாந்தோடு உறவை வைத்துக்கொண்டே தன்னாட்சி பெறலாமா என்று 2006-இல் கேட்டபோது 60 விழுக்காட்டினர் சம்மதித்தார்கள். 2007-இல் பதிவான 692 வாக்குகளில் 446 ஆதரவு. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது விதி. 16 வாக்குகள் குறைந்துபோயின.

தம்மைத் தாமே ஆளத் தயங்கும் மக்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள்.

டோக்கெலாவின் தீவுகளான அட்டாஃபு, நுக்குனோனு, ஃபகாவோஃபோ மூன்றும் காயலைச் சுற்றிய பவள வளையங்கள். எல்லாம் சேர்ந்து சுமார் 12 சதுர கிலோமீட்டர் நிலம்; உயரமோ கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்குள். ஆறு கிடையாது, விமான நிலையம் கிடையாது. சமோவாவின் ஆப்பியாவிலிருந்து கப்பலில் ஒரு நாளுக்கு மேல் போக வேண்டும். கூரையில் விழும் மழைநீர்தான் குடிநீர். 2011-இல் மழை பொய்த்தபோது அவசரநிலை அறிவித்து, வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் வாழ்பவர் வாக்குச்சீட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை யோசித்தால் அது கோழைத்தனமா?

ஆளத் தெரியாதவர்களும் அல்லர். ஊருக்கு ஊர் 'டௌப்புலேகா' என்ற பெரியோர் அவை இருக்கிறது. அரசுத் தலைமை ஆண்டுதோறும் மூன்று தீவுகளுக்கும் முறைவைத்து மாறுகிறது. என்னை நெகிழவைப்பது 'இனாட்டி' வழக்கம்: ஊருக்காகப் பிடித்த மீனைக் கரையில் கொட்டி, வீட்டு ஆள்கணக்குப்படி கூறு போடுகிறார்கள். வலை வீச ஆளில்லாத விதவை வீட்டுக்கும் கூறு உண்டு. சுமார் 1,500 பேர் இப்படிப் பகிர்ந்து வாழ்கிறார்கள். 2012-இல் டீசலை விட்டு மூன்று தீவுகளும் சூரிய மின்சாரத்துக்கு மாறியதையும் மறக்க வேண்டாம்.

அவர்களுக்கு வெளியாரிடம் எச்சரிக்கை இருக்கிறதென்றால் காரணம் உண்டு. 1863-இல் பெரு நாட்டுக்கான அடிமைக் கப்பல்கள் சுமார் 250 பேரை அள்ளிச் சென்றன. டோக்கெலாவ் மக்கள் தமதென்று கருதிய ஒலோஹெகா தீவை 1925-இல் அமெரிக்கா தன் ஆட்சியிலுள்ள அமெரிக்கச் சமோவாவோடு சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவும் நியூசிலாந்தும் செய்துகொண்ட 1980 ஒப்பந்தம் அதையே உறுதிசெய்தது.

ஆகவே மூன்றாம் முறை வாக்குப்பெட்டியை வைக்குமுன் ஒன்று செய்யுங்கள். எந்த முடிவு எடுத்தாலும் நியூசிலாந்துக் குடியுரிமை போகாது, கடற்கரைப் பாதுகாப்புக்குப் பணம் நிற்காது, நிலம் மூழ்கினாலும் கடலெல்லை சுருங்காது என்று நியூசிலாந்து அரசிடம் எழுத்தில் வாங்கிக்கொடுங்கள். நியூசிலாந்தில் வாழும் டோக்கெலாவ் மக்கள் தீவில் இருப்பவர்களைவிடப் பல மடங்கு; முந்தைய வாக்கெடுப்புகளில் அவர்களுக்கு வாக்கில்லை. அவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பிறகு அந்த மக்கள் சொல்வதை, அது எதுவானாலும், விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தமிழில் எழுதும் ஒரு வாசகர்