கூமுனைக் காட்டில் என் காலில் முள் எடுத்த அம்மாவுக்கு

அம்மா, உங்கள் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

இலங்கையின் கதிர்காமம் முருகன் கோயிலுக்குப் போகும் பாதயாத்திரையில், வழியிலுள்ள உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கூமுனைத் தேசியப் பூங்காவுக்குள் நுழைந்த இரண்டாம் நாள் அது. செருப்பின் வார் அறுந்து, வெறுங்காலில் நடந்து, குதிகாலில் முள் ஏறி முறிந்துவிட்டது. கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் பாலை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் உங்களைக் கூப்பிடவில்லை. நீங்களே தலைச்சுமையை இறக்கிவைத்து, "காலைக் காட்டு பிள்ளை" என்றீர்கள். சேலைத் தலைப்பில் குத்தியிருந்த ஊசியால் முள்ளை எடுத்தீர்கள். வேப்பெண்ணெய் தடவினீர்கள். துண்டைக் கிழித்துக் கட்டினீர்கள். உங்கள் செருப்பையும் கழற்றித் தந்தீர்கள். அறுபது வயதுக்கு மேலிருக்கும் உங்களுக்கு. அந்தச் சுடுமணலில் நீங்கள் வெறுங்காலோடு நடந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

வழியில் ஈரம் காயாத யானை லத்தியைக் கண்டதும் என்னை நிறுத்தி, பின்னால் வந்த கூட்டம் சேரும்வரை காத்திருக்க வைத்தீர்கள். அடுத்திருக்கும் யால காட்டுக்குப் போகக் கடக்கும் கும்புக்கன் ஆற்றில் இடுப்பளவு நீரில் என் கையை விடவேயில்லை.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கைக் கரையில் இரண்டு நாட்கள் உங்களைத் தேடினேன். மட்டக்களப்புப் பேச்சு, நீலச் சேலை, இடக்கையில் பச்சை குத்திய வேல். இவரைத் தெரிந்தவர்கள் இதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அம்மா, உங்கள் செருப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.