ஆலை நிர்வாகத்துக்கு: அந்த 520 வெள்ளி எனக்கு வேண்டாம்

ஆலை நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

போன வாரம் நீங்கள் கொடுத்த சுராட், அதாவது என் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் மாற்றும் கடிதம், இன்னும் என் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பதிலை மலாயில் ஒரு பக்கம் எழுதி ஆபீசில் கொடுத்து, சாப்பும் (முத்திரை) வாங்கிவிட்டேன். இந்த மடல் வேறு. மலேசியாவில் தெலுக் இந்தானைச் சுற்றியிருக்கும் செம்பனை எண்ணெய் ஆலைகளில் என்னை மாதிரி எத்தனையோ சார்ஜ்மேன் (கரண்டு வேலைக்குப் பொறுப்பானவர்), பாய்லர்மேன், பிட்டர்கள் இதே கணக்கைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் வெளியே எழுதுகிறேன். ஆலையின் பெயரை எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், போதும்.

சுராட்டில் இரண்டு வழி காட்டியிருக்கிறீர்கள். முதல் வழி, இப்போது நான் மாதம் வாங்கும் 3,640 வெள்ளி (ரிங்கிட்) 4,160 ஆகும், பதவிப் பெயர் எக்சிகியூட்டிவ் ஆகும், இனி ஓ.டி. (கூடுதல் நேரச் சம்பளம்) கிடையாது, இப்போது போலவே ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ராத்திரி பகல் எந்நேரமும் போன் எடுக்க வேண்டும், கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் ஆலையில் இருக்க வேண்டும். இரண்டாவது வழி, டெக்னீஷியன் என்ற பெயரில் 3,380 வெள்ளி, ஷிப்டு முடிந்தால் வீட்டுக்குப் போகலாம், யாரும் கூப்பிட மாட்டார்கள். முதலாவதைத் தடித்த எழுத்தில் போட்டு, இரண்டாவதைக் கடைசிப் பக்கத்தின் கீழே சின்னதாகப் போட்டிருந்தீர்கள். நான் அந்தச் சின்ன எழுத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் என்று கேன்டீனில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். இரண்டு வழிக்கும் நடுவே இருக்கும் மாதம் 780 வெள்ளியை வேண்டாம் என்று சொல்கிற முட்டாள் உண்டா என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். சரி, கணக்கையே பார்ப்போம்.

3,640-ஐ 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாள் 140 வெள்ளி, 8 மணிக்கு வகுத்தால் மணிக்கு 17.50. ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, 26.25. கடந்த மூன்று மாதத்துச் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தேன், ராத்திரி கூப்பிட்டு வேலை செய்தது சராசரியாக மாதம் 14 மணி நேரம், அதாவது 367 வெள்ளி 50 காசு. ஓய்வு நாள், பொது விடுமுறைக் கணக்கு வேறு மாதிரி வரும், அதை இங்கே சேர்க்கவில்லை. ஆக, நீங்கள் கூட்டித் தருவதாகச் சொல்லும் 520-இல் நான் ஏற்கனவே உழைத்து வாங்கிக்கொண்டிருந்ததைக் கழித்தால் புதிதாக வருவது 152 வெள்ளி 50 காசு. இந்தக் காசுக்கு நான் கொடுக்க வேண்டியது என்ன? போன் எடுக்கும் வாரத்தில் ஆறு நாள், டியூட்டி போக மீதி 16 மணி நேரம், ஏழாவது நாள் முழுக்க 24 மணி நேரம், மொத்தம் 120. மாதத்தில் இரண்டு வாரம் என்றால் 240. அதில் வேலை செய்த 14 மணி நேரம் போனால் 226 மணி நேரம் சும்மா காத்துக்கிடப்பது. மணிக்கு 67 காசு. பஸ் ஸ்டாண்டு டண்டாஸ் (கழிப்பறை) வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் என்னைவிட நன்றாகச் சம்பாதிப்பார் போலிருக்கிறது.

அந்த 4,000 கோடும் எனக்குப் புரியாமல் இல்லை. 2023 ஜனவரி 1 முதல், ஓ.டி. கேட்கிற உரிமை மாதம் 4,000 வெள்ளி வரை வாங்குபவர்களுக்கு என்று சட்டத்தை விரித்தார்கள், அதற்கு முன்னே 2,000-தான். நீங்கள் போட்டிருக்கும் 4,160 அந்தக் கோட்டைத் தாண்டி சரியாக 160 வெள்ளி. எக்சிகியூட்டிவ் என்ற பெயரும் அதே சுராட்டில் சேர்ந்தே வருகிறது. டெஸ்டரும் ஸ்பேனரும் பிடிக்கிற கைக்கு எக்சிகியூட்டிவ் என்று எழுதிவிட்டால் அது கைவேலை இல்லை, ஓ.டி.யும் இல்லை என்று ஆகிவிடுமா என்பதைத் தொழிலாளர் இலாகாவில் போய்க் கேட்கத்தான் போகிறேன். கேட்டால் குற்றமில்லையே.

இன்னொன்று. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவில் வேலை நேரம் என்றால் என்ன என்று ஒரு வரி இருக்கிறது. முதலாளியின் கைவசம் இருந்துகொண்டு, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ள முடியாத நேரம் எதுவோ அதுதான் வேலை நேரம். இதை முதல் தடவை படித்தபோது யாரோ என் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு எழுதின மாதிரி இருந்தது. வீட்டில் படுத்திருப்பதையும் அந்த வரிக்குள் சேர்க்க முடியுமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நான் எப்படி இருக்கிறேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

போன் வாரத்தில் நான் ஆற்றுக்குப் போவதில்லை. பேராக் ஆற்றில் ஊடாங் காலா (பெரிய ஆற்று இறால்) பிடிக்கச் சம்பான் (சின்னப் படகு) எடுத்துப் போவது எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம், காசுக்காக இல்லை, பிடித்தால் சம்பல் வைக்கலாம், பிடிக்காவிட்டால் காற்று வாங்கலாம். கொஞ்ச தூரம் போனாலே போன் லைன் போய்விடும், அதனால் போவதில்லை. சித்ரா பௌர்ணமிக்கு ரதம் வரும்போது ஊரே ரோட்டில் நிற்கும், நானும் நின்றேன், வேட்டி மடிப்பில் போனை வைத்துக்கொண்டு, மேளச் சத்தத்தில் அது அதிர்கிறதா என்று ஒரு கை எப்போதும் இடுப்பிலேயே. குளிக்கப் போனால் போனைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, துண்டு மாட்டும் ஆணியில் தொங்கவிடுவேன். மாமனார் கூலிமில் தவறினபோது அது என் வாரம். மற்ற சார்ஜ்மேன் அண்ணன் மாற்றிக்கொண்டதால் எடுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன், பதினாறாம் நாளுக்குப் போகவில்லை, ஒரு மனிதரிடம் எத்தனை தடவைதான் கடன் கேட்பது.

கூப்பிட்டால் போகிறதற்கு நான் முகம் சுளித்ததில்லை. வெட்டின குலை காத்திருக்காது என்பது யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அடிபட்ட பழத்தில் புளிப்பு மணிக்கணக்கில் ஏறும், 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேகவைத்துவிட வேண்டும், எண்ணெயில் அமிலம் 5 சதவிகிதத்தைத் தாண்டினால் விலையில் கை வைப்பார்கள். லாரி வரிசை கேட்டுக்கு வெளியே நிற்கும்போது ஆலை நின்றால் இஞ்சினியருக்கு எப்படி வயிற்றைக் கலக்கும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என் சார்ஜ்மேன் சான்றிதழ் எரிசக்தி ஆணையம் கொடுத்தது, நான் இல்லாமல் வேறு யாரோ கரண்டுப் பெட்டிக்குள் கைவிடுவதும் சரியில்லை. இதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஆனால் எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி 2.40-க்கு, பழத்தை மசிக்கும் டைஜஸ்டரின் மோட்டார் டிரிப் ஆகி நின்றுவிட்டது என்று போன். மழை. தோட்டத்து மண் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன், ஜாகா (காவல்காரர்) பாவம் குடையோடு கேட்டைத் திறந்தார். கரண்டுப் பெட்டியைத் திறந்தால் கான்டாக்டர் சுவிட்சுக்கு நடுவே ஒரு பல்லி, கருகி, வாலை மட்டும் சுருட்டிக்கொண்டு. பல்லியை எடுத்துத் துடைத்து, சோதித்து, ரீசெட் பண்ண இருபது நிமிடம். போக வர ஐம்பது நிமிடம். திரும்பி வந்து படுத்தால் தூக்கம் வருமா, ஐந்தரைக்குத் திரும்ப எழ வேண்டும். இன்னொரு ராத்திரி ஸ்டோர் சாவி எங்கே என்று கேட்டு போன். அது ஒரு நிமிடம்தான், சம்பளச் சீட்டில் வராது. கூப்பிடாத ராத்திரிகள்தான் இன்னும் மோசம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கூப்பிட்டால் வேலை முடிந்தது என்று ஒன்று இருக்கிறது. கூப்பிடாவிட்டால் மணி ஒன்று, மணி மூன்று என்று நானே எழுந்து போனில் லைன் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

என் அம்மா ரப்பர் காட்டில் பால் வெட்டினவர். இந்த ஊரை இன்னும் பழைய பெயரில் தெலுக் ஆன்சன் என்றுதான் சொல்வார். விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு ஓட வேண்டும், கங்காணி பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அன்றைய வேலை போச்சு, மழை பெய்தால் அதுவும் போச்சு. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவே மாட்டேன், கையில் வந்தது சொற்பம், லயத்து வீட்டில் ஒழுகாத இடம் கிடையாது. ஆனால் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் சாயங்காலம் அவருடையது. கோழி, கீரைப்பாத்தி, கோயில், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை, எல்லாம் அந்த நேரத்தில்தான். நான் அவரைவிடப் பல மடங்கு சம்பாதிக்கிறேன். என் கீரைப்பாத்தி காய்ந்து கிடக்கிறது.

வீட்டில் என் மனைவி உடனே ஒத்துக்கொள்ளவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்கை ஒரு பக்கமாகக் காட்டினவன் ஆவேன். ஓ.டி. காசுக்கு இபிஎஃப் (சேமநிதி) பிடிக்க மாட்டார்கள், அடிப்படைச் சம்பளம் ஏறினால் பிடிப்பார்கள், 520-க்கு முதலாளி பங்கு மட்டும் 13 சதவிகிதம், 67 வெள்ளி 60 காசு, உங்களுக்கு 49 வயது, இன்னும் பதினொரு வருடத்துக்கு அது எவ்வளவு வரும் என்று போட்டுப் பாருங்கள் என்றாள். சரியான கேள்வி. இரண்டு ராத்திரி அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வீட்டுக் கடன் அடுத்த வருடம் முடிகிறது, பெரியவன் வேலைக்குப் போய்விட்டான், காடி (கார்) பழசு ஆனால் ஓடுகிறது. கடைசியில் அவளே, நீங்கள் குறட்டை விட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதுதான் முடிவு.

எல்லாருக்கும் இப்படி அமையாது. பாய்லரில் ஒரு தம்பி இருக்கிறார், இரண்டு பிள்ளைகள் காலேஜில், அவருக்கு இப்படி ஒரு சுராட் வந்தால் தடித்த எழுத்தில்தான் கையெழுத்துப் போடுவார், போடட்டும், அவரைப் பேராசைக்காரர் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். என்னைச் சோம்பேறி என்று சொல்கிறவர்களுக்கும் அதே மரியாதை கிடைக்கும்.

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். ஆலையில் சார்ஜ்மேன் இரண்டே பேர். நான் போனை அணைத்தால் அந்த அண்ணன் போன்தான் அடிக்கும், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இல்லை, எல்லா வாரமும். என் நிம்மதியை அவர் தலையில் கட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை, உங்கள் சுராட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதம் சொல்லும்போதே சில விஷயங்களைக் கேட்டிருக்கிறேன். மூன்றாவது ஆள் ஒருவரை எடுங்கள். எங்கள் இருவருக்கும் தலைக்கு 520 கொடுக்கத் தயாராக இருந்தீர்கள், அதில் அண்ணனுடைய 520 அவருக்கே போகட்டும். எனக்கு மிச்சம் பிடிக்கும் 520, நான் விட்டுக்கொடுக்கும் 260, மொத்தம் 780. குறைந்தபட்சச் சம்பளமே 2025-இலிருந்து 1,700, அதற்கே 920 குறைகிறது, அந்தக் காசுக்குச் சான்றிதழ் உள்ள சார்ஜ்மேன் வரமாட்டார் என்றும் தெரியும். ஒரு இளைஞனை எடுத்து, பகல் ஷிப்டில் என்னோடு விடுங்கள், பரீட்சைக்கு நானே தயார் செய்கிறேன், அதற்குத் தனிக்காசு வேண்டாம். ஆலை ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று மாதாந்திர மீட்டிங்கில் நீங்கள் சொல்லும் தொகையோடு அந்த 920-ஐ வைத்துப் பாருங்கள்.

அப்புறம், அண்ணனைக் கூப்பிடுவதற்கு முன்னே ஷிப்டு சூப்பர்வைசர் பார்க்க வேண்டியது என்னென்ன என்று ஒரு தாள் எழுதி கண்ட்ரோல் ரூமில் ஒட்டியிருக்கிறேன், சாவி எங்கே என்பது உட்பட. யாரும் அதைக் கிழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழியில் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதை வாய்வார்த்தையாக இல்லாமல் வேலை ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும். வேலை நேரத்தை மாற்றிக் கேட்கும் விண்ணப்பமாகவும் என் கடிதத்தைப் பதிவு செய்திருக்கிறேன், அதற்கு 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், முடியாது என்றால் காரணமும் எழுத வேண்டும் என்று 2023-இலிருந்து சட்டம் இருக்கிறது. மிரட்டல் இல்லை, ஞாபகப்படுத்துகிறேன்.

இது என் வாரம். போன் ஆணியில் தொங்குகிறது, அடித்தால் வருவேன், பதில் வரும் வரை அப்படித்தான். ஆனால் டைஜஸ்டர் பெட்டிக்கு அடியில் கேபிள் நுழையும் ஓட்டை இன்னும் திறந்தே இருக்கிறது, மூன்று தடவை எழுதிக் கொடுத்துவிட்டேன், அடைக்கிற பசை ஸ்டோரில் இல்லையாம். நான் இன்று டவுனில் ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். ரசீதும் இருக்கிறது.