டிரம் சாண்டருக்கு நுண்மரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறு மரப்பட்டறைகளில் புழங்கும் டிரம் சாண்டர்களின் உயரத் திருகு குறித்துத் தங்கள் நாளிதழ் வழியாகச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன்.

உப்புத்தாள் சுற்றிய உருளைக்கு அடியில் பலகையைச் செலுத்தி அதன் கனத்தைச் சீராகக் குறைப்பதே இந்த இயந்திரத்தின் வேலை. 120 எண் தாளில் ஒரு ஓட்டத்துக்கு 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் எடுப்பதுதான் பாதுகாப்பு. அதற்கு மேல் போனால் தாள் சூடேறி மரம் கருகும், எண்ணெய்ப்பசை உள்ள தேக்கு என்றால் தாளே அடைத்துக்கொண்டு வீணாகும். ஆனால் உள்ளூரில் செய்துகொள்ளும் பல சாண்டர்களில் பலகையைத் தாங்கும் மேசையை ஏற்றி இறக்குவது சாதாரண 12 மில்லிமீட்டர் போல்ட். அதன் மரை இடைவெளி, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு ஏறும் அளவு, 1.75 மில்லிமீட்டர் என்பதால், கால் சுற்று திருப்பினாலே மேசை 0.4 மில்லிமீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. எவ்வளவு கைதேர்ந்த தச்சரானாலும் இதில் கணக்காக நிறுத்துவது கடினம்.

இதற்காகப் புது இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. 1 மில்லிமீட்டர் இடைவெளியில் நுண்மரை வெட்டிய தண்டையும் அதற்கேற்ற நட்டையும் லேத் பட்டறையில் செய்து வாங்கி, கைச்சக்கரத்தில் 20 கோடுகள் குறித்தால், மேசை நேராக ஏறும் அமைப்பில் ஒரு கோட்டுக்கு 0.05 மில்லிமீட்டர் கிடைக்கும். எங்கள் பட்டறையில் இத்துடன் இயந்திரத்தின் சட்டத்தில் ஒரு டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவுக்கருவி) பொருத்தி, அதன் முனை மேசையின் அடிப்பக்கத்தைத் தொடுமாறு வைத்திருக்கிறோம். கைச்சக்கரம் சுற்றியும் முள் அசையாத அந்தச் சிறு இடைவெளிதான் மரையில் உள்ள ‘ப்ளே’ என்பதை அது கண்ணெதிரே காட்டிவிடுகிறது. ஆகவே அளவு தாண்டிவிட்டால் அரைச் சுற்று இறக்கி, மீண்டும் கீழிருந்து மேலாகவே ஏற்றி நிறுத்த வேண்டும். தாள் மாற்றும்போது அதன் கனமும் மாறும் என்பதால், கேஜின் முகவளையத்தைத் திருப்பிப் பூஜ்யத்தைப் புதிதாக வைப்பதும் அவசியம். எல்லாவற்றுக்கும் முன்பாக, ஒரே கனமுள்ள இரு கட்டைகளை உருளையின் இரு முனைகளிலும் வைத்து மேசை இணையாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அது சாய்ந்திருந்தால் எந்த நுண்மரையும் பயன் தராது.

தயாரிப்பாளர்கள் நுண்மரைத் தண்டைத் தொடக்கத்திலேயே பொருத்தித் தர வேண்டும். ஐ.டி.ஐ.க்களில் டர்னர் பிரிவு மாணவர்கள் தண்டைக் கடைந்து தர, தச்சுப் பிரிவு மாணவர்கள் அதைப் பொருத்திச் சோதிக்கும் செய்முறைப் பயிற்சி ஒன்றைச் சேர்க்குமாறு தொழிற்பயிற்சித் துறையையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மரப்பட்டறை நடத்தும் வாசகர்,
காரைக்குடி.