மாப்ளே, ஆச்சிக்கு நடந்ததக் கேளு

மாப்ளே,

பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரி எழுதல, கோச்சுக்காத. வீட்டுல எல்லாரும் சுகம்.

பக்கத்து வீட்டு ஆச்சி இருக்காங்கள்ல, நீ கூரை ஓட்டை ஒடச்சதுக்கு என்னையப் பிடிச்சு வச்சாங்களே, அவுங்கதான். போன வாரம் ரெண்டு பயலுக வந்து வெளக்கு பளபளன்னு ஆக்குற பவுடர், சும்மா தேச்சுக் காட்டுறோம்னு குத்துவெளக்கத் தேச்சுருக்கானுக, அது மின்னவும் சங்கிலியக் குடுங்க ஆச்சின்னு வாங்கி ஏதோ தண்ணில முக்கி, மஞ்சத்தண்ணிக் கிண்ணத்துல போட்டு மூடி, அரைமணி கழிச்சுத் தொறங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டானுக. சங்கிலி இருந்துச்சு, புதுசாட்டம் மின்னுச்சு. எடை போட்டா 40 கிராம் சங்கிலி 31தான் இருக்கு!

ஆசாரிகிட்ட கேட்டேன், அது ராஜதிராவகம்டா. நைட்ரிக்கும் ஹைட்ரோகுளோரிக்கும் கலந்தது, தங்கத்தையே கரைக்கும், அந்தத் தண்ணியக் கொண்டுபோயி தங்கத்தப் பிரிச்செடுத்துருவானுகளாம்.

ஆனா எனக்கு வயிறு எரிஞ்சது அதுக்கில்ல. நாலு நாள் யார்கிட்டயும் மூச்சு விடல ஆச்சி. ஏன்னு கேட்டா, "சிங்கப்பூர்ல இருக்குற மகனுக்குத் தெரிஞ்சா வீட்டப் பூட்டிட்டுக் கெளம்புங்கம்பான் தம்பி, அதான்"ன்னு சொல்றாங்க. நக போனதவிட அந்த பயம் பெருசா இருந்துருக்கு. முகப்பு ஒரு தெருவுல, பின்கட்டு அடுத்த தெருவுல, அவ்வளவு பெரிய வீட்டுக்குள்ள ஒத்தையா உக்காந்து அழுதுருக்காங்கடா, சுவத்துக்கு இந்தப்பக்கம் நான் டிவி பாத்துக்கிட்டு இருந்துருக்கேன்.

புகார் குடுத்தாச்சு. ஆச்சி ரெண்டாங்கட்டுல சுவிட்ச அமுக்குனா எங்க வீட்டுல அடிக்கிற மாதிரி ஒரு பெல் இழுத்துருக்கேன். முகப்புக் கதவுல சங்கிலி போட்டாச்சு. கரண்டு மீட்டர் பாக்கணும், பழைய சாமான் வாங்குறோம்னு யார் வந்தாலும் தொறக்காம "பக்கத்து வீட்டுல கேட்டுட்டு வாங்க"ன்னு சொல்லச் சொல்லிருக்கேன், நெசமா வேலைக்கு வந்தவன் கேட்டுட்டு வரப்போறான், அவ்வளவுதான. போனு பக்கத்துல அவசரத்துக்குக் கூப்புடுற 112ம், பெரியவங்களுக்குன்னு இருக்குற உதவி நம்பர் 14567ம் பெருசா எழுதி ஒட்டிட்டேன், ரெண்டாவது காலைல 8லருந்து ராத்திரி 8 வரைக்கும்தான்.

தேவகோட்டைல ஒங்கம்மாவும் தனியாத்தான இருக்காங்க? இன்னைக்கே போன் பண்ணு. ஏமாந்து எதையாவது குடுத்துருந்தாலும் திட்ட மாட்டேன்னு மொதல்ல சொல்லிட்டு அப்புறம் பேசு. பக்கத்து வீட்டு நம்பர எனக்கு அனுப்பு, ஞாயித்துக்கெழம வண்டிய எடுத்துட்டுப் போயி அங்கயும் பெல் மாட்டிட்டு வந்துர்றேன்.