பக்கத்துக் கட்டில்காரி: திருகோணமலை மாதர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் தலைவியர், செயலாளர்கள், பொருளாளர்கள், அங்கத்தவர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். ஸலாம்.

நான் மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டவள். ஒப்பரேஷன், கீமோ, ரேடியேஷன் மூன்றும் முடிந்து இப்போது நோய் திரும்பாமல் இருக்கக் குடிக்கும் தமொக்சிபன் குளிசையில் இருக்கிறேன். இந்த மடலை ஆஸ்பத்திரிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. மருந்தும் கத்தியும் கதிரும் ஆஸ்பத்திரியில் உண்டு. அரச ஆஸ்பத்திரியில் அதற்குக் காசும் கேட்பதில்லை. ஆனால் அந்த மருந்தை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து எப்படி நாளைக் கழிப்பது என்று எனக்குச் சொல்லித் தந்தவர்கள், எனக்கு முன்னால் அதே மருந்தை ஏற்றிக்கொண்ட பெண்கள். அவர்கள் எனக்குக் கிடைத்தது தற்செயல். அந்தக் கிழமை எந்தக் கட்டில் காலியாக இருந்ததோ அதில் என்னைப் போட்டார்கள், பக்கத்தில் நல்ல மனுசி ஒருத்தி இருந்தாள், அவ்வளவுதான். அடுத்து வரப்போகிறவளுக்கு இது தற்செயலாக இருக்கக்கூடாது. அதை ஒழுங்கு செய்யக்கூடியவர்கள் நீங்கள்.

என்ன சொல்லித் தந்தார்கள் என்று கேட்பீர்கள். ஒன்றைச் சொல்கிறேன். மார்பை எடுத்த பிறகு விலாப் பக்கமாக ஒரு குழாய் வைத்து, நுனியில் ஒரு போத்தலைக் கொழுவி விடுவார்கள். காயத்துக்குள் ஊறும் நீர் அதில் வடியும். ஒவ்வொரு நாளும் எவ்வளவு வடிந்தது என்று அளந்து, குறைந்த பிறகுதான் குழாயைக் கழற்றுவார்கள். சிலரைப் போத்தலோடேயே வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. ஒரு கை தூக்க ஏலாது, மற்றக் கையில் போத்தல். தலை வாருவது எப்படி, சட்டை போடுவது எப்படி, கக்கூசுக்குப் போவது எப்படி? குழாய் கொஞ்சம் இழுபட்டாலே உயிர் போய் வரும். பக்கத்துக் கட்டிலில் இருந்த மூதூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் எனக்கு ஒரு பை தந்தார். பழைய நூல் சேலையை இரண்டாக மடித்துத் தைத்தது. அடிப்பாகம் போத்தல் அளவுக்கு வட்டம். கழுத்தில் மாட்ட நீள வார், ஆளின் உயரத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்க வாரில் ஒரு முடிச்சு. முன்பக்கத்தில் விரல் அகலத்துக்கு நெடுக வெட்டி ஓரம் அடித்திருந்தார். போத்தலை வெளியில் எடுக்காமலே எத்தனை மில்லிலீற்றர் என்று பார்க்கலாம். இந்தப் பையை எந்த டொக்டரும் எழுதித் தருவதில்லை. போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்த ஒருத்திக்குத்தான் அந்த வெட்டு எங்கே வேண்டும் என்று தெரியும்.

காயம் நன்றாக ஆறிய பிறகு அதே அக்கா இன்னொன்றும் காட்டித் தந்தார். ஒரு பக்கம் பாரம் இல்லாவிட்டால் பிறேசியர் மேலே ஏறும், நாளடைவில் தோளும் ஒரு பக்கம் சரியும். கடையில் விற்கும் சிலிக்கன் மார்பு எங்கள் கைக்கு எட்டாத விலை. மெல்லிய பருத்தித் துணியில் உருண்டையாகப் பை தைத்து, பஞ்சு வைத்து, நடுவில் பாரத்துக்குக் கொஞ்சம் கடுகு போட்டார். கழுவும்போது கடுகைக் கொட்டி எடுத்துவிடலாம். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது எனக்கு வந்த தெம்பை எந்தக் குளிசையும் தரவில்லை.

இதெல்லாம் வசதிக்கான காரியம், உயிர்க் காரியமா என்று யாராவது நினைத்தால், இதையும் கேளுங்கள். கீமோ ஏற்றி ஒரு கிழமைக்கும் இரண்டு கிழமைக்கும் இடைப்பட்ட நாட்களில் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் நன்றாக விழுந்துவிடும். அந்த நேரத்தில் 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே அவசரம். கிருமி இரத்தத்தில் பரவினால் மணித்தியாலக் கணக்கில் ஆள் போய்விடும். இதை ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்புவார்கள். ஆனால் புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட அதிர்ச்சியில் இருப்பவளுக்கு அங்கே சொன்னது எத்தனை காதில் ஏறும்? எங்கள் ஊரில் காய்ச்சல் என்றால் பனடோல் இரண்டு, மல்லித் தண்ணி, போர்த்திக்கொண்டு படுக்கை. எனக்குக் கிண்ணியா ராத்தா ஒருவர் போனில் சொன்ன விதமே வேறு: “தேமாமீற்றர் ஒண்டு வாங்கித் தலைமாட்டுல வை தங்கச்சி. முப்பத்தெட்டு வந்தா விடியட்டும் எண்டு பாத்துட்டு இரிக்காத. ராவோட ராவா ஓட்டோவப் புடி. போனதும் நான் கீமோ ஆள் எண்டு முதல்ல சொல்லு.” அந்தக் கடைசி வசனம் எவ்வளவு பெரிய வசனம் என்று வரிசையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதே ராத்தாதான் சிவப்பு மருந்து ஏற்றிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும், இரத்தம் என்று பயப்படாதே என்றவர். முதல் கீமோ ஏற்றி இரண்டு மூன்று கிழமையில் முடி கொத்தாக வரும், அதற்கு முன்பே கட்டையாக வெட்டிவிடு, கொட்டும்போது மனம் அவ்வளவு நோகாது என்றும் சொன்னார். வாய் புண்ணானால் உப்புத் தண்ணீர், மெதுவான பிரஷ், உறைப்பில்லாத சொதியோடு இடியப்பம். கையைத் தூக்கப் பழக்க, சுவரில் விரல்களால் மெல்ல மெல்ல ஏறி, ஏறிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு. நாளைக்கு அந்தக் கோட்டைத் தாண்டவேண்டும். ரேடியேஷனுக்கு வெளியூர் போய்க் கிழமைக்கு ஐந்து நாள் என்று வாரக்கணக்காகத் தங்கியபோது, அங்கே எல்லாம் சிங்களத்தில் நடந்தது. ராத்தாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். எனக்கும் வெருகலில் இருந்து வந்த ஒரு பிள்ளைக்கும் அவர்தான் வாய். கந்தளாயில் இருந்து வந்த சிங்கள அக்கா ஒருவர் எங்கள் மூவருக்கும் கஞ்சி வைத்துத் தந்தார். இந்த மாவட்டத்தில் எத்தனையோ காரியங்களில் நாங்கள் தனித்தனியாகத்தான் வரிசை கட்டி நிற்கிறோம். அந்த வாட்டில் அப்படி இருக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தனிமை. இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடம். அப்படியென்றால் ஒவ்வொரு ஊரிலும் இது வந்தவள் இருக்கவேண்டும். ஆனால் கேட்டுப் பாருங்கள், யாருக்கும் யாரையும் தெரியாது. மகளுக்குக் கலியாணம் பேசவேண்டும், பரம்பரை வியாதி என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள் என்று தாய்மார் மூடி மறைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இது பரம்பரையால் வருவதில்லை என்று டொக்டர்மார் சொன்னாலும் அந்தப் பயம் போவதில்லை. தொற்றும் என்று தட்டையும் கோப்பையையும் பிரித்து வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தொற்றவே தொற்றாது. செய்வினை என்று கயிறு கட்டி நாளைக் கடத்துகிறவர்களும், கட்டு அனோதா என்ற முள்ளுச் சீத்தா இலை அவித்துக் குடித்தால் போதும் என்று கிளினிக்கை விட்டவர்களும் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். வெளியில் சொல்ல முடியாதவள் யாரிடம் கேட்டுத் தெளிவாள்?

நான் கேட்பது புதுமையான காரியமும் இல்லை. 1952இல் நியூயோர்க்கில் தெரேஸ் லாசர் என்ற பெண்ணுக்கு மார்பை எடுத்தார்கள். இனி எப்படி வாழ்வது, கையை எப்படி அசைப்பது, என்ன உடுப்பது என்று சொல்ல அவருக்கு ஒருவரும் இருக்கவில்லை. தான் தேறியதும் ஆஸ்பத்திரிகளில் அதே ஒப்பரேஷன் செய்த பெண்களின் கட்டிலடிக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார். பல டொக்டர்மார் அதை விரும்பவில்லை. அவர் விடவில்லை. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அவருடைய வேலையைப் பொறுப்பெடுத்தது. போய் வந்தவள் போகிறவளுக்கு வழி சொல்லும் அந்த ஏற்பாடு பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

இப்படிக் கூடி இருந்தால் ஆயுள் கூடும் என்று நான் சொல்லமாட்டேன். 1989இல் ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது, உலகமே சந்தோசப்பட்டது. 2001இல் கனடாவில் 235 பெண்களை வைத்துத் திரும்பப் பார்த்தபோது ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கூட்டத்தில் இருந்த பெண்களுக்கு மன வேதனையும் குறைந்திருந்தது, உடல் நோவும் குறைந்திருந்தது. எனக்கு அது போதும். நோவு குறைவதைச் சின்ன விசயம் என்று சொல்பவர் நோவில் கிடந்ததில்லை.

சரி, சங்கம் என்ன செய்யலாம்? உங்களிடம் மண்டபம் இருக்கிறது, பாய் இருக்கிறது, மாதாந்தக் கூட்டம் இருக்கிறது, எந்த வீட்டில் என்ன என்று தெரிந்த கண்கள் இருக்கின்றன. ஒரு பிரிவில் ஒருத்திக்கு இந்த நோய் என்று தெரியவந்தால், அவள் சம்மதித்தால் மட்டும், அதே வழியால் போய் வந்த ஒருத்தியை அவளிடம் அனுப்புங்கள். கைப்பிள்ளைக்காரிக்குக் கைப்பிள்ளை வைத்துக்கொண்டு கீமோ எடுத்தவள் போகட்டும். புருசன் இல்லாதவளுக்கு அப்படிப்பட்டவள். தோப்பூர்ப் பெண்ணுக்குக் குச்சவெளிப் பெண் போனிலாவது பேசலாம். பக்கத்து வீட்டுக்காரி வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அதிகம், அதில் நியாயமும் உண்டு. அவளுடைய பெயர் கூட்டத்தில் அடிபடவே கூடாது. இந்த ஒன்றைக் காப்பாற்ற முடியாத சங்கம் இந்த வேலையைத் தொடவேண்டாம் என்றே சொல்வேன்.

அடுத்தது பயணம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை அக்கரைக்கு ஏற்றிப் போகும் பாதைக்காகக் காத்து நின்ற எங்கள் அம்மாமாரை நினைத்தால் நாங்கள் எவ்வளவோ மேல். ஆனாலும் கீமோ ஏற்றிய உடம்போடு, வாந்திப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் தனியாக வருகிறவர்களைக் கண்டிருக்கிறேன். 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் கிளினிக் நாளைத் தவற விட்டவர்களும் எங்களோடு இருக்கிறார்கள். கீமோ பெரும்பாலும் மூன்று கிழமைக்கு ஒருமுறை, நாள் முன்கூட்டியே தெரியும். அந்த நாளுக்குக் கூடப் போக ஒருத்தி, பிள்ளைகளைப் பள்ளியால் கூட்டி வர ஒருத்தி. அன்று இரவு வீட்டில் உலை வைக்கத் தேவையில்லாமல் ஒரு பார்சல். ஒரு சங்கத்துக்கு இது பெரிய பாரம் இல்லை. சீட்டையும் கடனையும் பற்றி ஒரு வார்த்தை: வைத்தியம் நடக்கும் மாதங்களில் தவணை பிந்தினால் பொருளாளர் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டாம். கூட்டத்துக்கு வரவில்லை என்று பெயரை வெட்டவும் வேண்டாம். அவள் இன்னும் அங்கத்தவர்தான்.

போகிறவளுக்கும் ஒரு வரம்பு வேண்டும். நாங்கள் டொக்டர்மார் இல்லை. குளிசையை நிறுத்து, கூட்டு, இதைக் குடி என்று சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது. தமொக்சிபன் ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். இடையில் உடம்பு கொதிக்கும், நித்திரை வராது, விட்டுவிடலாம் என்று வரும். விடாதே, கிளினிக்கில் கேள் என்பதுதான் எங்கள் வேலை.

நோய் திரும்பி வந்தவர்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. எனக்குப் பை தைத்துத் தந்த மூதூர் அக்காவுக்கு அது எலும்பில் திரும்பியது. அதுவரை அவரை வென்று வந்தவள் என்று மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தியவர்கள், பிறகு வீட்டுப் பக்கம் போகவில்லை. என்ன பேசுவது என்று தெரியாத பயம்தான், கெட்ட மனம் என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்கு ஆள் தேவைப்பட்டது அப்போதுதான். நோவுக்கு மோர்பின் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பழகிப்போகும், குடிக்காதே என்று அயல் சொல்ல, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். எங்களில் இருவர் கிழமைதோறும் போய், மருந்தை நேரத்துக்கு எடுக்க வைத்து, கால் பிடித்துவிட்டு, பேச விரும்பினால் பேசி, இல்லாவிட்டால் சும்மா இருந்துவிட்டு வந்தார்கள். அவர் போன மாரியில் போய்விட்டார். ஒக்டோபர் மாதம் பிங்க் ரிப்பன் குத்திக் கூட்டம் வைக்கும்போது, சுகமானவர்களுக்கு மட்டும் கதிரை போடாதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன்.

இன்னும் நோய் வராதவர்களுக்காக ஒன்று. எம்.ஓ.எச். என்ற சுகாதார வைத்திய அதிகாரி ஒபிஸ்களில் பெண்களுக்கான வெல் வுமன் கிளினிக் நடக்கிறது. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மார்பையும் பார்ப்பார்கள், கர்ப்பப்பை வாசலையும் பார்ப்பார்கள், பிரசரும் சீனியும் பார்ப்பார்கள். தனியாகப் போக வெட்கம் என்றால் சங்கமாகப் போங்கள். கட்டி நோகவில்லை என்று யாரும் வீட்டில் இருக்கவேண்டாம். பெரும்பாலும் அது ஆரம்பத்தில் நோகாது.

அடுத்த மாதாந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதையும் ஒன்றாகப் போட்டு, கூட்டக் குறிப்பில் தீர்மானமாக எழுதுங்கள். பொறுப்புக்கு வாய் அடக்கமான ஒருத்தியைத் தெரிவு செய்யுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் அவருடைய போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். தையல் மெஷின் உள்ள சங்கங்கள் பழைய நூல் சேலைகளைச் சேர்த்து வைத்தால், பையின் அளவையும் வெட்டையும் காட்டித் தர எங்களில் யாராவது நேரில் வருவோம். பஸ் காசும் கேட்கமாட்டோம்.

இப்படிக்கு,
சிகிச்சை முடித்த ஒருத்தி,
திருகோணமலை.